மூலைக் கடையிலிருந்தே தெரிந்த பலகை

துர்மன் கேஸ்கின்ஸ் என்ற பெயரை வெர்லீன் முதன்முதலில் கேட்டது, தன் கல்யாணப் பேச்சு நடந்த அன்று. மாப்பிள்ளை ராஸ்கோ, சுட்ட பன்றி விலாவைக் கடித்துக்கொண்டே, "எனக்கு ஒரு தம்பி இருக்கான், துர்மன்னு பேரு. நல்லவன்தான். ஏணிய மட்டும் இரவல் குடுத்துடாதே, திரும்பி வராது" என்றான். அது உண்மை என்று கல்யாணமான மாதமே தெரிந்தது.

கேஸ்கின்ஸ் வம்சமே அப்படி. தென் கரோலினாவிலிருந்து பித்தளை ஆலை வேலைக்கென்று வடக்கே, பனி கொட்டும் பிரிட்ஜ்போர்ட்டுக்கு வந்த கிழவர் ஹைரமின் பிள்ளைகளில் ராஸ்கோ உட்பட எல்லோருக்கும் வாய் நீளம், கை குட்டை. துர்மன் ஒருவன்தான் கைத்தொழில் கற்றவன். வீடுகளுக்குச் சாயம் அடிப்பான். பனி விழுந்தால் வேலை கிடையாது. அப்போது தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு தெரிந்தவர்களுக்குப் போதைப் பொட்டலம் விற்பான்.

"வெக்கமா இல்லையாடா உனக்கு?" என்று வெர்லீன் கேட்டால், "வெக்கம் இருக்கு அண்ணி, குளிரும் இருக்கே" என்பான்.

வெர்லீன் தன் வீட்டுக் கீழ்த்தளத்தில் உரிமம் வாங்கிக் குழந்தைகள் காப்பகம் தொடங்கினாள். துர்மனின் கைக்குழந்தை மகள் ஜொனெல்லும் அங்கேதான் வளர்ந்தாள். வாசலுக்குச் சின்னதாக ஒரு பலகை போதும் என்றாள் வெர்லீன். அவன் கதவளவு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். பல்லைக் காட்டிச் சிரிக்கும் மஞ்சள் சூரியன். அதன் கீழே முழ உயரச் சிவப்பு எழுத்துகள்.

"இது காப்பகமா, சர்க்கஸா?"

"மூலைக் கடையில நிக்கிறவனுக்கும் தெரியணும் அண்ணி. காதுல குசுகுசுக்கவா பலகை?"

கூலி வாங்கவில்லை. வாழ்நாளில் அவன் பாதியில் விடாமல் முடித்த வேலை அது ஒன்றுதான். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகர்வான்.

ஒரு பிப்ரவரி ஞாயிற்றுக்கிழமை, வாங்க வந்தவனைப் போல வேஷம் போட்ட போலீஸ்காரனிடம் பொட்டலத்தை நீட்டிப் பிடிபட்டான். விற்றதற்குத் தண்டனை உண்டு, அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துக்கோ காப்பகத்துக்கோ ஆயிரத்து ஐந்நூறு அடிக்குள் விற்றால் மேற்கொண்டு மூன்று வருஷம் என்று ஒரு சட்டம். அவன் வீட்டுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் எட்டவில்லை. எட்டியது வெர்லீனின் காப்பகம் ஒன்றுதான். அதுவும் இரண்டுக்கும் நடுவில் ரயில் பாதை. சுற்றிப் போனால் கால் கடுக்கும். சட்டத்துக்குக் கால் ஏது? காக்கை பறக்கிற கணக்கில் அளந்தார்கள். ஞாயிறன்று காப்பகம் பூட்டிக் கிடந்ததே என்றால், பூட்டைப் பற்றிச் சட்டத்தில் பேச்சில்லையாம். குழந்தைகளே இல்லாத நேரத்தில் குழந்தைகளைக் காப்பாற்றிய சமர்த்துச் சட்டம்.

வழக்கு நடத்திய அரசு வக்கீலம்மாவின் ஊரில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மான் மேயும். பள்ளிக்கூடம் காட்டுக்குள் ஒளிந்திருக்கும். அங்கே ஒரு டாக்டர் மகன் மூட்டை கட்டி விற்றாலும் எந்தக் குழந்தைக்கும் பங்கமில்லை. நெருக்கியடித்துக் குடியிருக்கிறவர்களின் பிள்ளைகளுக்குத்தான் இத்தனை அக்கறை.

துர்மனுக்கு அரசாங்கம் அமர்த்திய வக்கீல் வெர்லீனிடம், "காப்பகம்னு பளிச்சுன்னு காட்டுற பலகை இருந்தாத்தாம்மா இந்தச் சட்டம் பாயும். கண்ணுக்குத் தெரியலேன்னா மூணு வருஷம் மிச்சம்" என்றார்.

வீட்டில் ராஸ்கோ யோசனை சொன்னான். "மேப்பிள் மரம் மறைச்சுதுன்னு சொல்லிடு."

"பிப்ரவரியில மேப்பிளுக்கு இலை ஏதுய்யா?"

"அப்போ பனி அப்பிக் கிடந்துச்சுன்னு சொல்லு. உன் தேவாலயத்துக்காரங்களுக்கு நான் சொல்லமாட்டேன்."

வேதாகமத்தில் கைவைத்து அவள் பொய் சொன்னதில்லை. ஜொனெல்லின் முகத்தை நினைத்துக்கொண்டு அன்றைக்குக் கோர்ட்டில் சொன்னாள்.

"பனி மூடிக் கிடந்துச்சுங்க. ஒரு எழுத்துகூடத் தெரியல."

"அவ்வளவு பெரிய பலகை, ஒரு எழுத்துகூடவா தெரியல?" என்றாள் வக்கீலம்மா.

வெர்லீன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "அது சும்மா ஏனோதானோன்னு எழுதினதுங்க. வெயில் நாள்லயே தெரியாது."

குற்றவாளி மேசையில் நாற்காலி கிறீச்சிட்டது. துர்மன் எழுந்து நின்றான்.

"அண்ணி, என்ன பேச்சு பேசற? அது மூலைக் கடையிலேருந்தே தெரியும். பனி ஒட்டக்கூடாதுன்னுதானே வார்னிஷ் மேல வார்னிஷ் அடிச்சேன்?"

வக்கீல் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதற்குள் முழுதும் சொல்லி முடித்துவிட்டான். வக்கீலம்மா தன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு, "வேற கேள்வி இல்லை" என்றாள். காக்கைக் கணக்கும் அடிக்கோலும் வைத்துக்கொண்டு அவள் தேடியதை அவனே தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டான்.

தீர்ப்புக்குப் பிறகு, விலங்கோடு அவனை நடத்திக்கொண்டு போகையில், தாழ்வாரத்தில் வெர்லீன் எதிர்ப்பட்டாள்.

"மூணு வருஷத்த வார்னிஷுக்கு வித்துட்டியேடா, மடையா."

"ஏனோதானோன்னு சொல்லிட்டியே அண்ணி."



சட்டம் யாரைக் காப்பாற்றியதோ, அந்த ஜொனெல் அதன்பின் தினமும் காலையில் அப்பா வரைந்த சூரியனின் கீழே நடந்து உள்ளே போனாள். அப்பாவிடமிருந்து அவளை நன்றாகவே காப்பாற்றிவிட்டார்கள். அவன் சிறையிலிருந்து வெளியே வந்தபோது, யாரோ வந்திருக்கிறார்கள் என்று பெரியம்மாவின் பாவாடைக்குப் பின்னால் போய் நின்றாள்.

துர்மன் இப்போது தென் கரோலினாவில், அத்தை மகன் லெமுவலின் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். அங்கே பனி விழுவதில்லை. வருஷம் முழுக்கச் சாயம் அடிக்கிறான்.