ஏணியை ஆட்டாதீங்க

எங்க ஊட்டுல மொளகு பறிக்க ஏணி ஏறுறது நான்தான். கீழ நின்னு ஏணியப் பிடிக்கிறது எங்க ஊட்டுக்காரர். எங்க மலையில, திருப்புலி நாட்டுப் பக்கம், மத்த ஊடுகள்ல ஆம்பள ஏறுவார், பொம்பள கீழ உதுந்ததப் பொறுக்குவா. எங்க ஊட்டுக்காரருக்கு உசரம்னாலே பயம். கல்யாணமான புதுசுல ஒருதரம் ஏறி, பாதி மரத்துல கண்ண மூடிட்டு நின்னவர, நான்தான் ஒவ்வொரு காலா எடுத்து வெச்சு எறக்கினேன். ஊரே சிரிச்சுது. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்னு அடுத்த நாள்லருந்து நான் ஏற ஆரம்பிச்சுட்டேன்.

எங்க ஏணிக்கு ரெண்டு கால் கிடையாது, ஒத்த மூங்கில்தான். கணுவுக்குக் கணு கிளைய ஒட்ட வெட்டாம கொஞ்சம் விட்டிருப்போம், அதுதான் படி. கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்துல அதச் சாத்தினா, கீழ ஒருத்தர் கட்டிப்பிடிச்சு நிக்கணும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி தை மாசப் பறிப்புல அந்த ஏணி ஆட ஆரம்பிச்சுது. கொத்தக் கிள்ளக் கை நீட்டினா மூங்கில் நடுங்கும். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! "ஏனுங்க, ஏணியை ஆட்டாதீங்கன்னு எத்தன வாட்டி சொல்றது? கீழ நின்னுட்டு கூத்தா ஆடுறீங்க?"ன்னு கத்துவேன். "செரி புள்ள, இனி ஆட்டல"ம்பார். அடுத்த மரத்துலயும் ஆடும். மூங்கில்தான் இத்துப் போச்சுன்னு பெரக்கரை நாட்டுப் பக்கம் போயி நல்ல முத்தின மூங்கிலா வெட்டிட்டு வந்தோம். அதுவும் ஆடுச்சு. அவரத் தள்ளிவிட்டு நாத்தனாரப் பிடிக்கச் சொன்னேன். அப்பவும் ஆடுச்சு. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் ஒரே கையின்னு அவளையும் சேர்த்துத் திட்டினேன்.

அந்த வருசம் எனக்கு எல்லாத்துக்கும் எரிச்சல். பனிக்கு ஊரே கம்பளி போத்திட்டு நிக்கும், எனக்கு மட்டும் வேர்வையில ஜாக்கெட் நனையும். சாமைச்சோறு ஒரு குண்டா திம்பேன், ஒடம்பு இளைச்சுட்டே போச்சு. நெஞ்சு படபடக்கும். கூடவே முழங்காலுக்குக் கீழ எலும்புல வலி, விரலெல்லாம் வீங்கி நுனி உருண்டு போச்சு. பறிக்கிற கை வீங்காம என்ன செய்யும்னு தைலத்தத் தேச்சுட்டுக் கெடந்தேன்.

மாசி பொறக்கையில கடைசிப் படியில இருந்து கீழ குதிச்சேன். முழங்கால் உசரம்கூட இருக்காது. பாதத்துல எலும்பு கீறல் விட்டுருச்சு. ஊரு வைத்தியர் உளுந்து மாவும் முட்டையும் வெச்சுக் கட்டுப் போட்டார். கட்டுப் போட்டவரே ஒருநாள் பிரிச்சுப் பாத்துட்டு, "கூடற மாதிரி தெரியலீங்க, கீழ போயிக் காட்டிருங்க"ன்னுட்டார்.

பஸ்ஸு அடிவாரத்துக் காரவள்ளிக்கு எறங்கறதுக்குள்ள ஒவ்வொரு வளைவுக்கும் உசிரு போயி உசிரு வந்துச்சு. நாமக்கல்ல எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயப் பாத்தார், என் கண்ணப் பாத்தார், கழுத்தத் தொட்டுப் பாத்தார். காலுக்கு வந்தவ கழுத்த இவர் எதுக்கு அமுக்கறார்னு எனக்குக் கோவம். அப்புறம் ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல் மேல ஒரு வெள்ளத்தாள வெச்சார். காத்தே இல்லாத ரூம்ல அந்தத் தாள் படபடன்னு அடிச்சுச்சு.

"கை எப்பலேருந்தும்மா நடுங்குது?"ன்னார்.

நான் எங்க ஊட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். அவர் சுவத்துக் காலண்டரப் பாத்துட்டு இருந்தார்.

ரத்தம் எடுத்துப் பாத்து, தைராய்டு அளவுக்கு மீறி வேல செய்யுதுன்னாங்க. அது அதிகமாச் சுரந்தா, எலும்பு கட்டுறத விட வேகமாக் கரையுமாம். அதனாலதான் அந்தச் சின்னக் குதிப்புக்கே கீறல் விட்டிருக்கு. விரல் வீக்கம் வேற விதம். கழுத்துச் சுரப்பியத் தூண்டிவிடுற அதே கோளாறு, சில பேருக்கு எலும்பு மேல போத்தியிருக்கிற சவ்வையும் வீங்க வெக்குமாம். "எல்லாருக்கும் வராது, உங்களுக்கு வந்திருக்கு"ன்னார். நல்ல பாக்கியம்! மாத்திரை எழுதிக் குடுத்து, எலும்பு தேறுற வரைக்கும் ஏணி ஏறவே கூடாதுன்னுட்டார்.

அங்கதான் எனக்கு அழுக வந்துச்சு. ஏற ஆளில்லைன்னா கொடியக் குத்தகைக்கு விடணும். குத்தகைக்கு வர்ற ஆளுங்க அவசரத்துல கொத்தோட கொடியையும் உருவிப் போட்டுட்டுப் போயிருவாங்க. அத்தனையும் நான் நட்டு, நான் ஏத்திக் கட்டின கொடி.

திரும்பி வரையில பஸ்ஸுல கேட்டேன். "ஆட்டுனது நீங்க இல்லைன்னு தெரியுமில்லீங்க? ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கேக்கற ஆளா?"ன்னார்.

மாத்திரையில நடுக்கம் நின்னுச்சு. ஒடம்பு தேறுச்சு. கோவமும் பாதி எறங்குச்சு. மீதி என் சொந்தக் கோவம் போல. எலும்பு மட்டும் மெதுவாத்தான் தேறும்னார் டாக்டர். அதுக்குள்ள அடுத்த தை வந்துருச்சு. குத்தகைக்குச் சொல்லி விட்டுறலாங்களான்னு மனசக் கல்லாக்கிட்டுக் கேட்டேன். எங்க ஊட்டுக்காரர் மூங்கிலத் தோள்ல தூக்கிட்டுத் தோட்டத்துக்கு நடந்தார். நான் பின்னாலயே போனேன்.

ஏறினார் மனுசன். கணுவுக்குக் கணு சாமியக் கூப்பிட்டுக்கிட்டே ஏறினார். பாதி மரத்துல நின்னு, ஒத்தக் கைய எடுத்து முதல் கொத்தக் கிள்ளினார். நான் கீழ மூங்கிலக் கட்டிப்பிடிச்சிருந்தேன், என் கையில துளி நடுக்கமில்ல. ஏணி கடகடன்னு ஆடுச்சு.

"ஏம்புள்ள, ஏணிய ஆட்டாத!"ன்னு மேலருந்து கத்தினார்.

"செரிங்க, இனி ஆட்டல"ன்னேன்.