இந்த மாதம் யார் கடன்?

மின்விசிறிக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஓடாத விசிறியை ஓட வைத்துவிடுவார். கூலி கேட்கத்தான் வாய் வராது. அப்படிப்பட்டவர் உதிரிபாகக் கடை வைத்தால் என்ன ஆகும்? கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கொடுத்தே கடையை மூடினார். கடைக்காக வங்கியில் வாங்கிய கடனை மட்டும் மூட முடியவில்லை. குடித்துத் தொலைத்தார் என்று சிலர் சொல்வதுண்டு, அது தவறு. அவர் குடித்தது தேநீர் மட்டும்தான்.

மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் தையற்காரி. சம்பளம் வந்த நாளெல்லாம் வீட்டில் சண்டைதான். “எப்பப் பாரு நான்தான் கஞ்சப் பிசினாரியா இருக்கணுமா?” என்று ஒருநாள் அவள் அழுதாள். அன்று இருவரும் பேசி ஒரு முறையை வகுத்துக்கொண்டார்கள். ஒரு மாதம் ஒருவர் கடன் பக்கம் பேச வேண்டும், மற்றவர் வீட்டுப் பக்கம். அடுத்த மாதம் மாறிக்கொள்ள வேண்டும். வீடு கேட்கும், கடன் தலையாட்டினால்தான் காசு வெளியே போகும். மிச்சம் அசலில் கழியும்.

அவர் கடனாக இருக்கும் மாதம் வீட்டுக்குக் கொண்டாட்டம். அவள் கடனாக இருந்தால் எறும்புகூட வேறு வீடு பார்த்துப் போய்விடும்.

அவள் கடனாக இருந்த ஒரு மாதம் அது. இன்னும் இரண்டே தவணையில் கடன் தீர்ந்துவிடும். காலையில் வேலைக்குக் கிளம்பியவர் கால்சட்டைப் பையில் திருப்புளியை வைக்கப் போனார். உள்ளே போகவில்லை. பையில் இருந்த கிழிசலைத் தைக்கச் சொல்லி முந்தின நாள் அவளிடம் கொடுத்திருந்தார். அவள் பையின் வாயையும் சேர்த்துத் தைத்திருந்தாள்.

“ஏம்மா, கடன் மாசம்னு பையையே மூடிட்டியா?”

அவள் சிரிக்கவில்லை. துணியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். முகம் சுண்டிவிட்டது.

“கூடத்துலயும் இப்படித்தாங்க. ரெண்டு சட்டையைத் திருப்பிட்டாங்க. இன்னொண்ணு வந்தா மெஷினை விட்டு எழுப்பி, மடிக்கிற வேலைக்கு அனுப்பிடுவேன்னு மேற்பார்வை அம்மா சொல்லிட்டாங்க.”

மெஷினை விட்டு எழுப்புவதென்றால் அவளுக்குத் தலையை எடுப்பது மாதிரி. அவர் திருப்புளியைக் கீழே வைத்தார்.

“வீடு கேக்குது. உன் கண்ணுக்கு ஒரு கண்ணாடி வேணும்.”

“கடன் மறுக்குது. ரெண்டு மாசம் பொறுங்க, முடிஞ்சிரும்.”

“அதுக்குள்ள என் சட்டைக் கழுத்தையும் தைச்சு மூடிட்டா, நான் தலையை எங்க விடுறது?”

“கிண்டல் பண்ணாதீங்க. முறைன்னா முறை.”

அவர் யோசித்தார். “அப்ப இப்பவே மாத்திக்குவோம். இனிமே நான்தான் கடன். கடனே சொல்லுது, போய்க் கண்ணாடி வாங்கு.”

“அப்ப நான்தானே வீடு? வீடு ஒண்ணுமே கேக்கலையே!” என்றாள் அவள்.

மடக்கிவிட்டோம் என்று நினைத்தவர் மடங்கிப் போனார். இவள் வங்கியில் வேலை பார்த்திருந்தால் வங்கி பிழைத்திருக்கும், வாடிக்கையாளர்கள்தான் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தோன்றியது. ஊசியையும் நூலையும் எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“கோத்துட்டா நான் வாயே தொறக்க மாட்டேன்.”

அவள் நூல் நுனியை ஈரப்படுத்தினாள். நூல் ஊசிக்கு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது, நடுவில் மட்டும் போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஊசியை அவரிடமே நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

“இந்த மாசம் அசல் குறையாதேங்க.”

“நீ மடிக்கிற வேலைக்குப் போனா சம்பளம் குறையும். எது பெரிசு? அதை விடு. மெஷின் சத்தம் இல்லாம உனக்குச் சோறு இறங்குமா?”

அன்று மாலையே கண்ணாடிக் கடைக்குப் போனார்கள். சட்டம் மலிவானது போதும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அதில் மட்டும் அவர் விட்டுக்கொடுத்தார். கண்ணாடி தயாரானதும் கடையிலேயே போட்டுக்கொண்டு, முதலில் தன் முந்தானையைக் கையில் பிடித்து அதன் ஓரத் தையலைப் பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

“என்ன?”

“இவ்வளவு இளைச்சிட்டீங்களே! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“கடன் முடியற வரைக்கும் வயித்தைக் கொஞ்சம் கட்டினா என்னன்னு...”

“வாயை மூடுங்க,” என்றாள் அவள். தெருவில் இறங்கியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல், பால் விற்கும் கடையை நோக்கி அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.