முழித்த கண்ணோடு ஒரு தூக்கம்

நல்ல வெயிலில்தான் நாகலெட்சுமிக்கு மலை உடையும் சத்தம் கேட்டது. கொழுந்துச் சாக்கை வீசிவிட்டு, "மண்ணு வருது, புள்ளைங்களத் தூக்குங்க!" என்று கத்தியபடி குழந்தைகளை விட்டுவரும் பிள்ளைக்காம்பராவை நோக்கிச் சரிவில் விழுந்தடித்து ஓடினாள். மற்றப் பெண்களும் ஓடினார்கள். குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தால், மலை இருந்த இடத்தில் இருந்தது. ஒரு கல்கூட உருளவில்லை.

"அங்கொடைப் பைத்திய ஆஸ்பத்திரிக்கு டிக்கட் எடுத்துக் குடுங்கப்பா, முத்திருச்சு," என்றார் வேலையை மேற்பார்க்க நின்ற கண்டாக்கு. சிலர் சிரித்தார்கள். நாகலெட்சுமி மறுபடி மலையைப் பார்த்தாள். சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்டிருந்தது.

பூண்டுலோயாவுக்கு மேலே அவள் குடியிருந்த லயத்து வரிசைவீடுகளின் பின்னால், போன மழைக்காலத்தில் மண் பிளந்திருந்தது. கை நுழையும் அளவு வெடிப்பு. அதிகாரிகள் வந்து, 'அபாய இடம்' என்று சிங்களத்தில் ஒரு தாளை ஒட்டினார்கள். எங்கே போவது என்பதை எந்த மொழியிலும் எழுதவில்லை. சனங்கள் கொஞ்சநாள் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் அதே லயத்துக்குத் திரும்பினார்கள். கண்ணுக்கெட்டிய மட்டும் தேயிலைக்கு நிலமிருந்தது. அதை நட்டு வளர்த்தவர்களுக்கு வீடு கட்ட ஏழு பேர்ச் துண்டு நிலம் இல்லை. புருஷன் ஜெயகாந்தன் கொழும்பில் கடை வேலை. மகள் தனுஜா சின்னவள். ஆகவே இரவெல்லாம் விழித்து வெடிப்பைப் பார்ப்பது நாகலெட்சுமியின் பாடாயிற்று. தூக்கம் வராமலிருக்கப் பால் விடாத கடுந்தேத்தண்ணியை ஊற்றி ஊற்றிக் குடிப்பாள். விடிந்ததும் ஆளெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்தெடுப்பாள்.

அன்று மத்தியானமே பக்கத்துக் காம்பரா வீரம்மா வந்துவிட்டாள். "முனி அடிச்சிருக்கு லெட்சுமி. கோடாங்கி இராமையாவுக்குச் சொல்லிட்டேன். விடிய விடிய உடுக்கடிச்சா எறங்கிரும்."

முனி இல்லையென்றால் பைத்தியம். எதுவானாலும் தனுஜாவை யார் பார்ப்பது? குழந்தைகளை நிறுக்கப் பிள்ளைக்காம்பராவுக்கு வந்திருந்த குடும்பநல மாது ஷிராணியிடம் நாகலெட்சுமி ஓடினாள்.

"மிஸ், எனக்குப் பைத்தியமா?"

ஷிராணி அவள் சிவந்த கண்ணைப் பார்த்தாள். "கடைசியா எப்ப நல்லாத் தூங்குனீங்க அக்கா?"

யோசித்தாள். ஞாபகம் வரவில்லை.

"முழிச்சிருக்க முழிச்சிருக்க மூளையில அடினோசின்னு ஒரு சரக்கு சேரும். அதுதான் நம்மளப் 'படு, படு'ங்கும். தூங்குனாத்தான் கழியும். தேத்தண்ணி என்ன செய்யும்னா, அந்தச் சரக்கு உக்கார்ற எடத்துல அது போய் உக்காந்துக்கும். தூக்கம் தெரியாது. ஆனா சரக்கு அப்படியே கெடக்கும். தூக்கமில்லாட்டிப் பயத்த அடக்குற பிரேக்கும் பிடிக்காமப் போயிரும். கேக்காததெல்லாம் கேக்கும்."

"அப்ப முனி இல்லையா?"

"அவரு இங்க வந்து என்ன செய்ய? அவருக்கும் லயத்துல காம்பரா குடுத்திருக்காங்களா?"

நாகலெட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த பேச்சில் அது செத்துப்போனது.

"இன்னொண்ணு அக்கா. இப்படி இருக்கப்ப மூளை நம்மளக் கேக்காமலே அப்பப்பத் தூங்கிரும். கண்ணு தெறந்தே இருக்கும். நமக்கே தெரியாது."

"அப்ப நான் ராத்திரி காவல் இருந்தது?"

"அதுவும் தூக்கந்தான் அக்கா, முழிச்ச கண்ணோட."

நாகலெட்சுமிக்கு இப்போதுதான் விளங்கியது. மண் வந்திருந்தால் அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். உள்ளே தனுஜா படுத்திருப்பாள்.

பொழுது சாய, வீரம்மா கூட்டிவர, இராமையா உடுக்கோடு வந்தார். "உக்காரு தாயி. கண்ண மூடாத."

"மூடத்தான் போறேன் மாமா. நீங்க எப்படியும் விடிய விடிய முழிச்சிருப்பீங்கல்ல? பின்னால போய் அந்த வெடிப்பப் பாத்து உக்காருங்க. மண்ணு அசைஞ்சா உடுக்க அடிங்க."

"முனி ஓட்ட வந்தவனக் காவக்காரன் ஆக்குறியா?"

"அவரு தூங்கிட்டா என்னடி செய்யிறது?" என்றாள் வீரம்மா.

"கூட நீங்க இருங்க அக்கா. நாளைக்கு அடுத்த காம்பரா ஆளுங்க. ஒரே ஆளு முழிச்சா அது முழிப்பில்ல."

இராமையா முறைத்துக்கொண்டே லயத்தின் பின்னால் போனார். வெடிப்பை அவர் அதுவரை பார்த்ததில்லை. "இம்புட்டா?" என்றவர், அங்கேயே உட்கார்ந்துவிட்டார்; பக்கத்தில் வீரம்மாவும் உட்கார்ந்தாள்.

நாகலெட்சுமி செருப்பைக் கழற்றாமல், மகளின் மணிக்கட்டைப் பிடித்தபடி படுத்தாள். சுவருக்கு அப்பால் இராமையா கொட்டாவி விடுவது கேட்டது. எழுந்துவிட நினைத்தாள். உடம்பு எழவில்லை; அது ஏற்கெனவே தூங்கத் தொடங்கியிருந்தது.