நவநீதன் மிஸ்

ஸ்ரீரங்கத்தில் அம்மாமண்டபம் போகிற வழியில் ஒரு நர்சரிப் பள்ளி இருக்கிறது. எல்.கே.ஜி. வகுப்புக்கு நவநீதன் வேலைக்கு வந்த முதல் நாளே பிள்ளைகள் அவனை 'மிஸ்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். புடவை கட்டினால்தான் மிஸ் என்பது பெரியவர்கள் வழக்கம். பிள்ளைகளுக்கோ மூக்கைத் துடைத்துவிட்டு, ஷூ மாட்டிவிட்டு, பாட்டும் சொல்லித்தருகிறவர் யாரோ அவர்தான் மிஸ். மீசை இருந்தால் என்ன?

ஸ்டாஃப் ரூமில் சிரித்தார்கள். வேன் டிரைவர் பாலு, "என்ன நவநீதன் மிஸ், டிபன் ஆச்சா?" என்று காலையில் தவறாமல் கேட்பான். நவநீதன் யாரையும் திருத்தவில்லை.

எடமலைப்பட்டி புதூர் வீட்டில் அவனும் அக்கா ராக்கம்மாளும் மட்டும்தான். அவனுக்குப் பேச்சு வருவதற்குள் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கா எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்தாள். தம்பி சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் படிப்புக்குச் சென்னை போனபோது, "ஆம்பளைக்கு இதுவா படிப்பு?" என்று தெருவில் கேட்டார்கள். "புள்ளைங்களுக்கு அப்பன் மட்டும் ஆம்பளையா இருக்கலாம், வாத்தியார் இருக்கக் கூடாதா?" என்று அக்கா ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள்.

படித்ததையெல்லாம் அவன் அவளிடம்தான் சொல்வான். கேட்பதற்கு அவனுக்கு வேறு ஆளும் இல்லை.

"ஃப்ரோபெல்னு ஒரு ஜெர்மன்காரர்க்கா. ஒரு வயசு முடியறதுக்குள்ள அவருக்கு அம்மா இல்ல. விளையாட்டுதான் சின்னப் புள்ளைங்களுக்குப் படிப்புன்னு சொல்லி, பிள்ளைகள் தோட்டம்னு பேர் வச்சுப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சார். முதல்ல கையில குடுக்கறது நூல் பந்துதான். ஆறு நிறத்துல ஆறு பந்து."

"அப்புறம்?"

"அவங்க அரசாங்கம் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே தடை போட்டுடுச்சு. அடுத்த வருஷம் செத்துட்டார்."

அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: "தாயில்லாத புள்ளதான் ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் தாயா அலையும். நீயும் அலையற."

மறுவாரம் ஆறு நூல் பந்துகளையும் பின்னித் தந்தாள். ஆரஞ்சுப் பந்து உருண்டையாக வரவில்லை என்று இரண்டு முறை பிரித்துப் பின்னினாள்.

வகுப்பில் அந்தப் பந்துகளைவிடப் பிள்ளைகளுக்குப் பிடித்தது மௌன விளையாட்டு. இத்தாலியிலிருந்து மெட்ராஸுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மாண்டிசோரி அம்மையார் சொல்லிக்கொடுத்தது அது. பிள்ளைகள் கண்ணை மூடி அசையாமல் உட்கார வேண்டும். டீச்சர் வெளியே போய், கதவுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு பெயராகக் காதோடு சொல்வதுபோல் மெல்லக் கூப்பிடுவார். பெயரைக் கேட்ட பிள்ளை நாற்காலி சத்தம் போடாமல் எழுந்து, பூனைபோல் நடந்து வர வேண்டும். முதல் தடவை நவநீதன் மெல்லக் கூப்பிட்டதும், "பிரசன்ட் மிஸ்ஸ்ஸ்!" என்று கூரை அதிர்ந்தது. ஒரு மாதத்தில் பழகிவிட்டார்கள். காவிரிப் பாலத்தில் ரயில் போகிற சத்தம்கூட அந்த அறைக்குள் வந்து உட்காரும்.

ஒருநாள் அன்புச்செல்வன் என்பவர், மகள் தேவதர்ஷினி மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைக் கொடுக்க வந்தார். அறையில் பிள்ளைகள் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். மீசை வைத்த ஓர் ஆள் கதவுக்குப் பின்னால் நின்று அவர் மகளின் பெயரைக் கிசுகிசுக்கிறான். பாட்டிலோடு நேரே ஆபீஸ் ரூமுக்குப் போனார்.

"ஒரு ஆம்பள ஒளிஞ்சு நின்னு என் பொண்ணக் கூப்பிடறாருங்க. இதுக்கா ஃபீஸ் கட்டறேன்?"

பள்ளியின் கரஸ்பாண்டென்ட் மார்ட்டின் சார் நவநீதனை வரச்சொன்னார். அவன் விளக்கியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, உங்க மேல எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. ஆனா நாளைக்கு நாலு பேரு டி.சி. வாங்கிட்டுப் போனா, அந்த மாண்டிசோரி அம்மாவா வந்து அட்மிஷன் போட்டுக் குடுப்பாங்க? திங்கட்கிழமையிலேர்ந்து வாசல் கேட்டைப் பாத்துக்கங்க. டேர்ம் முடியட்டும், கிளாஸ் தரலாமான்னு பாப்போம்."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நவநீதன் கேட்டுக்கு வந்தான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, பள்ளி விடும்போது வீட்டு ஆள் வந்ததும் பிள்ளையின் பெயரைக் கூப்பிட ஒரு மைக். ஸ்டாஃப் ரூமுக்குப் போகக் கூச்சமாக இருந்தது. நாற்காலியிலேயே டப்பாவைத் திறந்து சாப்பிட்டான். சுவருக்கு அந்தப் பக்கம் புது மிஸ் ஏ, பி, சி, டி சொல்ல, அவன் பிள்ளைகள் கத்தினார்கள். எந்தக் குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரியும். அதனாலேயே காதைத் திருப்பிக்கொள்வான்.

வீட்டில் அவன் இதைச் சொல்லவில்லை. "பந்துல நூல் பிரிஞ்சிருந்தா எடுத்துட்டு வாடா" என்பாள் அக்கா.

"அப்படியே இருக்குக்கா."

பூட்டிய அலமாரியில் அவை அப்படியேதான் இருந்தன.

டேர்ம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பள்ளி விடுகிற நேரத்தில் மைக் மக்கர் செய்தது. வெளியே ஆட்டோ ஹாரன், அம்மாக்களின் கூச்சல். உள்ளே பிள்ளைகள் கேட்டை முட்டினார்கள். ஒரு குட்டி கீழே விழுந்து அழுதது. நவநீதன் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு, பிள்ளைகள் நடுவில் குந்தி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவனுடைய பழைய வகுப்பு சட்டென்று கண்ணை மூடியது. அவர்களைப் பார்த்து மற்றவர்களும் மூடினார்கள். பிறகு அவன் எழுந்து கேட்டருகே போய் முதல் பெயரை மெல்லச் சொன்னான். ஒரு பிள்ளை பூனைபோல் நடந்து வந்தது. அடுத்தது. அடுத்தது. வெளியே ஹாரன்கள்கூட ஒவ்வொன்றாக அடங்கின. மார்ட்டின் சார் வராண்டாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் கூப்பிட்டார். நவநீதன் தலையை ஒருமுறைக்கு இருமுறை வாரிக்கொண்டு போனான்.

"பிரமாதம் தம்பி! இனிமே மைக்கே வேண்டாம். கேட்டை நிரந்தரமா நீங்களே பாத்துக்கங்க."

"சார், கிளாஸ் தரலாம்னு..."

"கிளாஸுக்கு ஆள் கிடைக்கும். கேட்டுக்கு உங்கள மாதிரி ஆளு எங்க கிடைக்கும்?"

அன்று சாயங்காலம் எல்லாரும் போய்விட்டார்கள். பாலுவின் வேனும் கிளம்பிவிட்டது. தேவதர்ஷினி மட்டும் படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள். அன்புச்செல்வன் நவநீதனுக்குப் போன் செய்தார்: "சார், பாலத்துல மாட்டிக்கிட்டேன். பாப்பாவக் கொஞ்சம் பாத்துக்கங்க சார்."

"மிஸ், நீங்க கண்ண மூடுங்க."

"எதுக்கும்மா?"

"மூடுங்கன்னா மூடணும்."

மூடினான். சின்ன ஷூக்களின் சத்தம் தள்ளிப் போனது. சைக்கிள் ஒன்று கடந்தது. எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டியது. பாலத்தில் ரயில் போனது. தன்னை மறந்துவிட்டு அவள் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டாளோ என்று நினைத்தபோது, வராண்டாத் தூணுக்குப் பின்னாலிருந்து வந்தது:

"நவநீதன் மிஸ்..."

நாற்காலி கிறீச்சிடாமல் எழுந்தான். செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நடந்தான். கேட்டுக்கு வெளியே அன்புச்செல்வன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். மகளைக் கூப்பிட வாயைத் திறந்தவர், கூப்பிடாமல் மூடிக்கொண்டார். தூணருகே போய்ச் சேர்ந்ததும் தர்ஷினி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, "சத்தமே வரல! குட்!" என்றாள்.

வீட்டில் சட்டையைக் கழற்றிப் போட்டதும் அக்கா அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். இடுப்புக்கு மேலே ஐந்து விரலும் எண்ணெயில் பதிந்திருந்தன.

"யாருடா?"

"தர்ஷினிக்கா."

"கிளாஸ் திரும்பக் குடுத்துட்டாங்களா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"சாக்பீஸும் மூக்குச்சளியுமா வர்ற சட்டை இந்த டேர்ம் பூரா சுத்தமா வருது. துவைக்கறவளுக்குத் தெரியாதா?"

"இல்லக்கா. இனிமே கேட்டுதான்."

அக்கா சட்டையை இன்னொரு முறை விளக்குக்கு நேரே பிடித்தாள். பிறகு வாளியை இழுத்து, "ஊற வைக்கட்டுமா?" என்றாள்.

"நாளைக்கு வச்சுக்கலாம்க்கா."