செல்வி அக்காவுக்கு ஒரு நல்ல தண்ணிக் கிணறு

வீடில்லாத ஆக்களுக்கு உதவுங்கோ என்று வீடு வீடாய், படலை படலையாய்ப் போய்க் கேட்கிற வேலைக்கு வாய் வேண்டும். எனக்கு அது இல்லை. ஏழாம் வகுப்போடு நின்றவள். நாலு பேரைக் கண்டால் நாக்கு ஒட்டுகிற என்னைப் போன்ற ஆக்களுக்கு இது விளங்கும்.

வெளிநாட்டுக்குப் போனவர்களின் பூட்டிக் கிடக்கிற வீடுகளை, அவர்களின் சம்மதத்தோடு, எங்கள் பிரதேச சபை திருத்திக் கொடுக்கிறது. மண்கும்பான் பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பிள்ளைகளோடு படுத்த செல்வி அக்காவுக்குச் சுருவிலில் ஒரு வீடு கிடைத்தது. ஆனால் அந்த வளவுக் கிணறு உவர். அயலில் ஒருவர் தண்ணீர் அள்ள விடுவதாகக் கையெழுத்து வைத்தால்தான் வீட்டுப் பூட்டின் திறப்பைக் கொடுப்பார்கள். மாரிக்கு முன் அதை வாங்கவேண்டியது சபைக்காக அலைகிற நான்.

முதல் படலை

என் மகனை இடுப்பில் வைத்தபடி நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. வெளியே வந்த அம்மா, பிச்சைக்கு வந்தவள் என்று நினைத்து ஒரு சுண்டு அரிசி கொண்டுவந்தா. சபை தந்த கடதாசியை நீட்டினேன். வாசித்துவிட்டுத் தலையில் கை வைத்தா.

"இதுக்கோ பிள்ளை இவ்வளவு நேரம் வெயிலுக்குள்ள நிண்டனீர்? என்ர கிணறும் உவர்தான். அதுக்காக விடேலாது, வேலியடைக்க நூறு ஓலை தாறன் எண்டு எழுதும்!"

மாஸ்டரின் கேள்வி

நல்ல தண்ணீர் பக்கத்து வீட்டு மாஸ்டரிடம்தான் இருந்தது. பேனையை எடுத்தவர், "அவை ஆர் ஆக்கள்?" என்றார். சாதியை அறியக் கேட்கிற இந்தக் கேள்வி வந்தால் கிணறு மூடின மாதிரித்தான், உங்களுக்கும் தெரியும். குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற அவரின் மனைவி குரல் கொடுத்தா.

"உங்கட கிணத்துத் தவளையிட்டையும் அதைக் கேட்டுத்தானோ இருக்க விட்டனீங்கள்?"

முதல் குடம்

மாஸ்டர் கையெழுத்து வைத்தார், ஆனால் முகம் கறுத்துப்போய். அதனால் செல்வி அக்கா குடிவந்த அன்று நானும் கூடப் போனேன். அவ குடத்தைக் கிணற்றுக்கட்டில் இருந்து தள்ளி வைத்துவிட்டு, யாராவது அள்ளி ஊற்றட்டும் என்று ஒதுங்கி நின்றா. அவ வளர்ந்த இடத்தில் அதுதான் பழக்கமாம். மாஸ்டர் வந்தார். அவர் குடத்தைப் பார்த்தார், அவவைப் பார்த்தார், பிறகு ஒரு கையால் தன் இடுப்பைப் பிடித்தபடி கயிற்றை எடுத்து அவவின் கையில் வைத்தார்.

"நீரே அள்ளும் பிள்ளை. ஒவ்வொரு நாளும் உமக்கு அள்ளி ஊத்த என்ர நாரிக்கு ஏலாது."

வீட்டுத் திறப்பைச் சபை கொடுத்தது உண்மை, ஆனால் செல்வி அக்காவை அந்த ஒழுங்கைச் சனத்தில் ஒருத்தி ஆக்கினது மாஸ்டரின் நாரி நோவுதான் என்று நான் எங்கேயும் சொல்லுவேன், வாய் வந்தால்.