நிறம் போன நீரில் ஆறு இறால்கள்

காலையில் ரேவதி அக்காவின் தம்பி அழைத்தார். “அக்கா பூட்டாங்க சார். மாரு வலிக்குதுன்னாங்க. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள…”

அக்கா ஆய்வுக்கூடத்தில் என்னுடன் பணியாற்றிய மூத்த ஆய்வாளர். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து தினமும் வருவார். அவருடைய அம்மா இடுப்பளவு நீரில் அமர்ந்து, கையால் தடவி இறால் பிடிப்பவர்.

சாயப்பட்டறைக் கழிவுநீரின் நிறத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு நீக்குவது எங்கள் வேலை. அந்நீரில் உப்பு அதிகம். நாங்கள் வளர்த்தவை செத்துக்கொண்டே இருந்தன. ஒரு நாள் அக்கா சாப்பாட்டு டப்பாவில் கருஞ்சேறு கொண்டுவந்தார். குப்பத்தில் வலைக்குச் சாயம் ஏற்றியபின் மிச்சத்தைக் கொட்டும் இடத்துச் சேறு.

“இதுங்க உப்புலயே பொறந்ததுங்க. சாயமும் பழக்கம்.”

அந்தச் சேற்று நுண்ணுயிர்கள் கழிவுநீரில் சாகவில்லை. ஆனால் நிறமும் போகவில்லை. நான் குடுவைகளை இயந்திரத்தில் வைத்து நாள் முழுக்கக் குலுக்கிக்கொண்டிருந்தேன்.

“இன்னாடா, தூளி ஆட்டுறியா? சேறு எங்கனா ஆடுமா? சும்மா உடு.”

விட்டேன். மூன்றாம் நாள், சிவப்பு இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். கண்ணுக்குத் தெரியாதவற்றின் வேலை. குடுவையைத் தொடவே தயங்கினேன்.

பட்டறைக்காரர் வந்தார். “பளிங்கு மாதிரி இருக்கேம்மா. எழுதிக் குடுங்க, கால்வாயில விட்டுடறேன்.” அந்தக் கால்வாய் ஏரியில் சேர்கிறது.

மறுநாள் அக்கா, அம்மா பிடித்த இறால்களை உயிரோடு கொண்டுவந்தார். ஆறு இறால்களை ஏரி நீரில் விட்டார். இன்னும் ஆறை அந்தப் பளிங்கு நீரில். மாலைக்குள் பளிங்கில் இருந்தவை கவிழ்ந்தன.

“கலரு போச்சு. வெசம் போகல. சாயம் ஒடைஞ்சு வேற இன்னாவோ ஆயிருக்கு. எங்கம்மா இதுலதான்டா உக்காரணும்.”

கையெழுத்திட மறுத்தார். பட்டறைக்காரர் கோபித்துக்கொண்டு போனார். நானும் கெஞ்சினேன், அவர் கையெழுத்திட்டிருந்தால் என் ஆய்வேடு அதோடு நிறைவடைந்திருக்கும். இன்று அதை நினைக்கக் கூசுகிறது.

பிறகு நிறம் போன நீருக்குள் காற்றை ஊதினோம். நிறத்தை நீக்கியவற்றுக்குக் காற்று ஆகாது; மிச்ச நஞ்சை உடைக்கும் உயிர்களுக்குக் காற்று வேண்டும். “இப்ப ஆட்டுடா உன் தூளிய,” என்று சிரித்தார். பல மாதங்கள். ஒவ்வொரு முறையும் ஆறு இறால்கள், ஒவ்வொரு முறையும் சில கவிழும்.

கடைசி ஆறையும் அந்த நீரில் விட்டபின் நேற்று மாலை கிளம்பினார். “காலையில பாத்துட்டுச் சொல்லு.”

பார்த்துவிட்டுத்தான் குப்பத்துக்குப் போனேன். அம்மா மகளின் தலைமாட்டில் இருந்தார். என்னைக் கண்டதும் கேட்டார்: “அதுங்க பொழச்சுதா?”

“ஆறும் நீந்துதும்மா.”

அவர் குனிந்து, அக்காவின் காதில் அதைச் சொன்னார். அதன் பிறகே தூக்கவிட்டார்.