காலைப் பார்க்கும் மிஸ்ஸி

அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்த மிஸ்ஸி எவருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. முதலில் காலைத்தான் பார்ப்பார். ஒல்லியான உடம்பு, தாதியரின் வெள்ளைச் சீருடை, யாரையோ அடிக்கப் போவது போன்ற புருவம்.

நெஞ்சு அடைத்து, கதை முடிந்தது என்று பள்ளிமுனையிலிருந்து ஓட்டோவில் போய் விழுந்த அன்றும் என் காலைத்தான் பார்த்தார். ஈசிஜி எடுத்த பிறகு, "டொக்டர் பாத்திட்டார். வெறும் வாயு. வீட்ட போங்கோ" என்றார்.

உயிர் திரும்பியது, கூடவே பேராசையும். வீட்டுக் கூரைக்கென்று மனைவி மிச்சம்பிடித்த காசையெல்லாம் ஐந்து வருடமாகத் தனியார் காப்புறுதிக்குக் கட்டியிருந்தேன். ஒரு இரவாவது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அவர்கள் ஏதும் தருவார்கள்.

"மிஸ்ஸி, ஒரு இரவு மட்டும் மறிச்சு வையுங்கோவன்."

"உண்மையான நெஞ்சுவலிக்காரர் செருப்பை மாறிப் போட்டுக்கொண்டு வருவினம். நீங்கள் சப்பாத்துக்கு நாடாவும் கட்டியெல்லோ வந்திருக்கிறியள்! எழும்புங்கோ, கட்டில் வேணும்."

அப்போது என் மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். ஒரு காலில் அவளுடைய செருப்பு, மற்றதில் என்னுடையது. மிஸ்ஸி என்னை இறக்கிவிட்டு அவளை இருத்திப் பிரஷர் பார்த்தார். புருவம் இன்னும் ஏறியது. டொக்டரும் வந்து பார்த்து, அவளை மறிக்கச் சொன்னார்.

நான் காப்புறுதி அட்டையை நீட்டினேன்.

"இதில உங்கட பேர் மட்டும்தானே கிடக்கு?"

"ஓம்."

"அப்ப உள்ள வையுங்கோ. இஞ்ச ஒருத்தரும் அட்டை கேக்கிறேல்ல."

மூன்றாம் நாள் மனைவியைக் கூட்டிப்போகும்போது நன்றி சொல்ல நின்றேன். மிஸ்ஸி என் காலைக்கூடப் பார்க்கவில்லை.